நான்காம் எண்

பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனியில்
அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே என் மேசை.
பெட்டிக்குப் பன்னிரண்டு ஜோடி.
எந்த எண்ணில் எத்தனை என்று
எழுதிக் கொடுக்கத்தான் சம்பளம்.
மூன்றில் ஒன்று, நான்கில் இரண்டு,
ஐந்தில் நான்கு, ஆறில் மூன்று,
ஏழும் எட்டும் ஒவ்வொன்று.

கூட்டி வகுத்தால் ஐந்தேகால் சொச்சம்.
அந்தச் சொச்சத்துக்குத்
தோல் வெட்டச் சொல்லிப் பாருங்கள்.
கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்
கட்டிங் தேவசகாயம்.

சராசரி இங்கே செல்லாது.
வேண்டியது முகடு:
அதிகம் பேர் எந்த எண்ணில் நிற்கிறார்களோ அது.
கடல் தாண்டி இருக்கும் அந்தப் பெண்களை
நான் பார்த்ததில்லை.
ஐந்தில் அவர்கள் குவிந்து நிற்பது தெரியும்,
ஜன்னலுக்கு வெளியே
மலை குவிந்து நிற்பதுபோல.

போன வருஷம் ஆடிட்டருக்காக
எங்கள் லைனில் பதினோரு பேர் சம்பளத்தோடு
முதலாளி மகன் சம்பளத்தையும்
ஒரே பத்தியில் அடித்தார்கள்.
சராசரி நாற்பதாயிரம்.
நஃபீஸா தாளை வாங்கித்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
மீதிப் பணம் பின்பக்கம் இருக்குமோ என்று.

வரிசையில் நிறுத்தி
நடுவில் நிற்பவளைக் கேள் என்றேன்.
பத்தாயிரத்து இருநூறு.
கடைசியில் நிற்பவர் கோடி வாங்கட்டும்,
நடுவில் நிற்பவள்
நின்ற இடம் விட்டு அசையமாட்டாள்.
‘அசைஞ்சா நல்லாயிருக்கும்’ என்றாள் நஃபீஸா.

சாயங்காலம் வேலூர் பஸ்.
பள்ளிகொண்டா வருமுன்னே பாலாறு.
எத்தனையோ வருஷம் வெறும் மணல்,
ஒரு கார்த்திகையில் மட்டும்
பாலத்தின் மேலே தண்ணீர்.
எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால்
தினம் தினம் கணுக்கால் நனைய வேண்டும்.
எனக்கு நனைந்ததே இல்லை.

என் கணுக்கால் கதை வேறு.
இடது கால் ஐந்து.
வலது மூன்று.
இரண்டு வயதில் வந்த காய்ச்சல்
ஒன்றை மட்டும் அங்கேயே நிறுத்திவிட்டுப் போனது.
சராசரி நான்கு.
நான்கு இடதில் நுழையாது,
வலதில் நிற்காது.

லாங் பஜாரில்
ஒரே மாடலில் இரண்டு ஜோடி கேட்பேன்.
‘அக்காளுக்கும் தங்கச்சிக்குமா?’ என்பான் கடைப்பையன்.
ஆமாம் என்பேன்.
பொய்யென்று தோன்றியதில்லை.

மிஞ்சுவது வலது ஐந்து, இடது மூன்று.
எறிய மனம் வராமல்
பீரோவுக்கு அடியில் தள்ளித் தள்ளி
பதினாறு வருஷம்.
அடிப்பாகத்தில் விலைச்சீட்டு அப்படியே,
ஒன்றிலும் மண் இல்லை.
கரண்ட் போன ராத்திரிகளில் நினைப்பேன்:
எனக்கு நேர்மாறாகச் சாய்ந்து நடக்கும் ஒருத்தி
இந்த ஜில்லாவில் இருக்க
வாய்ப்பு எவ்வளவு?
கணக்குப் போட ஆரம்பித்துத்
தூங்கிவிடுவேன்.

திங்கட்கிழமை கேன்டீனில்
ஒட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்த மல்லிகேஸ்வரி
தட்டோடு நடந்து வந்தாள்.
ஒவ்வொரு அடிக்கும் ரசம்
தட்டின் இடது விளிம்புக்கு ஓடித் திரும்பியது.
முகத்தை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

செருப்பு என்ன எண் என்று கேட்டேன்.
சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்:
‘நாலுதாங்க்கா.
ஒண்ணு கடிக்கும், ஒண்ணு கழலும்.
பழகிக்கினேன்.’